ஒரே பெயர், இரண்டு ஆள்: மருத்துவர், கண்டுபிடிப்பாளர் பதிவேடுகளைப் படிப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

காப்புரிமைத் தேடல்தான் எனக்குச் சோறு போடும் தொழில். ‘இந்தக் கருவியைக் கண்டுபிடித்தவரும் அந்த ஆஸ்பத்திரி டாக்டரும் ஒரே ஆளா?’ என்று மாதம் இரண்டு பேராவது கேட்டுவிடுகிறார்கள். பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள், மருத்துவ மாணவர்கள் கேட்பார்கள், வெளிநாட்டில் அறுவைக்கு டாக்டர் தேடும் குடும்பத்தார் கேட்பார்கள். சில சமயம் அந்த டாக்டரே கேட்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் இதைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டன் பதிவேடுகளைப் பற்றித்தான். நம்மூர் விஷயம் பின்பாதியில்.

பெயரும் ஊரும் பிறந்த வருடமும் ஒத்துப்போனால் ஒரே ஆள்தானே?

அப்படித்தான் தோன்றும். பாத்கேட் என்ற ஊரின் கதையைக் கேளுங்கள்.

எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவே இருக்கும் சிறிய ஊர் அது. அங்கே 1811-ல் ஒரு ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன். வளர்ந்து எடின்பரோவில் பேறுகால மருத்துவப் பேராசிரியர் ஆனார். 1847 நவம்பர் 4 இரவு, தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு நண்பர்களோடு உட்கார்ந்து குளோரோஃபார்மை முகர்ந்து, மூவரும் மயங்கி விழுந்தார்கள். பிரசவ வலிக்கு மயக்க மருந்து என்ற பேச்சு சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான்.

அதே 1811-ல், கிளாஸ்கோவில், ஜேம்ஸ் யங் என்று ஒருவர் பிறந்தார். இவர் வேதியியல்காரர். நிலக்கரியிலிருந்து பாரஃபின் எண்ணெய் வடிக்கும் முறைக்கு 1850-ல் பிரிட்டனில் காப்புரிமை வாங்கினார். 1852-ல் அமெரிக்காவிலும் வாங்கினார், எண் 8833. அந்த எண்ணெயைக் காய்ச்ச ஆலை போட இடம் தேடிப் போய் நின்றது எங்கே? பாத்கேட்டில்.

இப்போது ‘ஜேம்ஸ் யங், பாத்கேட், 1811’ என்று தேடிப் பாருங்கள். இருவரும் வந்து நிற்பார்கள். இவர் டாக்டர், அவர் கண்டுபிடிப்பாளர் என்று தொழிலை வைத்துப் பிரிக்கலாமே என்பீர்கள். நம் பக்கம் ‘ஆயுதம் போட்டு எடுத்தாங்க’ என்பார்களே, அந்த ஆயுதங்களில் ஒரு வகைக்கு இன்றும் சிம்ப்சன் பெயர்தான். அவரும் கருவி செய்தவர். அந்தப் பக்கம் யங்கின் பெயரோ ஒரு டாக்டரின் வாழ்க்கை வரலாறு நெடுகக் கிடக்கிறது: ஆப்பிரிக்கா போன டேவிட் லிவிங்ஸ்டன் அவருடைய கல்லூரிக் காலத்து நண்பர். லிவிங்ஸ்டன் அவரை ‘சர் பாரஃபின்’ என்று கிண்டலடிப்பாராம்.

சரி, சிம்ப்சன் 1870-ல் இறந்துவிட்டார், அதற்குப் பிறகு தேதியிட்ட எதுவும் அவருடையது இல்லை என்று கோடு போடலாமா? போடலாம். ஆனால் 1870-க்குப் பின்னும் ‘ஜேம்ஸ் யங் சிம்ப்சன்’ என்ற கையெழுத்து எடின்பரோவில் கிடைக்கும். அது அவருடைய அண்ணன் பேரன், 1873-ல் பிறந்தவர், இயற்கை அறிவியல் பேராசிரியர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிம்ப்சன் பிறந்தபோது பதிவேட்டில் வெறும் ஜேம்ஸ் சிம்ப்சன்தான். ‘யங்’ பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. பதிவேட்டுப் பெயரே ஆளோடு சேர்ந்து வளரும் என்பதால், எந்த வருடத்துப் பெயர் என்பதையும் கூடவே எழுதி வைப்பது என் வழக்கம்.

அமெரிக்க டாக்டர்களுக்கு ஆளுக்கொரு எண் இருக்கிறதாமே?

இருக்கிறது. என்.பி.ஐ. என்பார்கள், மருத்துவச் சேவை தருபவருக்கான தேசிய அடையாள எண். 1996-ல் வந்த ஹிப்பா என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் ஏற்பட்டது. 2005 முதல் கொடுக்கிறார்கள். பத்து இலக்கம். மாநிலம் மாறினாலும், வேலை மாறினாலும், கல்யாணமாகிப் பெயர் மாறினாலும் எண் மாறாது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம்.

ஒரு பதிவைத் திறந்தால் பெயர், முன்பு வைத்திருந்த பெயர், தொழில் நடத்தும் முகவரி, சிறப்புத் துறைக்கான குறியீடு, மாநில உரிம எண், என்.பி.ஐ. வாங்கிய தேதி எல்லாம் வரும். பிறந்த தேதி வராது. முன்பு வைத்திருந்த பெயர் என்ற அந்தக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பெண் டாக்டர்கள் பலரின் பழைய ஆய்வுக் கட்டுரைகளும் காப்புரிமைகளும் அந்தப் பெயரில்தான் இருக்கும்.

எண்ணைக் கையால் எழுதி வைத்திருந்தீர்கள் என்றால் சரிபார்க்க ஒரு வழி உண்டு. கடைசி இலக்கம் முதல் ஒன்பதிலிருந்து கணக்குப் போட்டு வருவது. விளக்கத்துக்காக எப்போதும் காட்டும் எண் 1234567893. முதல் ஒன்பது இலக்கத்தில் வலது ஓரத்திலிருந்து ஒன்று விட்டு ஒன்றை இரட்டிப்பாக்குங்கள்: 9, 7, 5, 3, 1 என்பவை 18, 14, 10, 6, 2 ஆகும். அவற்றின் இலக்கங்களைக் கூட்டினால் 23. விட்டுப்போன 8, 6, 4, 2 கூட்டினால் 20. எப்போதும் சேர்க்க வேண்டிய 24-ஐயும் சேர்த்தால் 67. அடுத்த பத்து 70, வித்தியாசம் 3. அதுதான் கடைசி இலக்கம். கூட்டுத்தொகை உதைத்தால் யாரோ எண்ணைத் தப்பாகக் குறித்திருக்கிறார்கள். உதைக்கவில்லை என்பதற்காக அது நீங்கள் தேடும் ஆளுடைய எண் ஆகிவிடாது.

என்.பி.ஐ. இருந்தால் பதிவு பெற்ற டாக்டர் என்று அர்த்தமா?

இல்லை. செவிலியர், பிசியோதெரபிஸ்ட், பல் டாக்டர் என்று எல்லோருக்கும் உண்டு. நிறுவனங்களுக்கும் தனி வகையில் உண்டு. விவரங்களை அவரவரே நிரப்பிக் கொடுப்பதுதான். உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்பதெல்லாம் அந்தந்த மாநில மருத்துவ வாரியத்தின் தளத்தில், உரிம எண்ணை வைத்துப் பார்க்க வேண்டியவை. 1990 முதல் நடக்கும் தேசிய அளவிலான தரவு வங்கி ஒன்றும் உண்டு. டாக்டர்கள் மேல் வந்த நடவடிக்கைகள் அதில் இருக்கும், ஆனால் பொதுமக்களுக்கு அது திறக்காது.

ஒழுங்கு நடவடிக்கை ஆணை ஒன்று கிடைத்துவிட்டால் உடனே ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள். அதில் இருக்கும் உரிம எண்ணும் உங்கள் டாக்டரின் உரிம எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஒரு நல்ல டாக்டரின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடக் கூடாது.

எண் இருந்தும் குழம்பியது உண்டா?

உண்டு. அதுவும் அரசாங்கத்தின் கையிலேயே.

மருந்து, கருவிக் கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுக்கும் பணம், விருந்து, பயணச் செலவு, ராயல்டி எல்லாவற்றையும் ஊரறியச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் 2010-ல் சட்டம் வந்தது. அதற்கான தளத்தின் பெயர் ஓபன் பேமென்ட்ஸ். வெளியிடுவதற்கு முன் டாக்டர்கள் தங்கள் கணக்கைப் பார்த்துச் சரியா தப்பா சொல்ல அவகாசம் கொடுத்தார்கள். 2014 ஆகஸ்டில் ஒருவர் கணக்கில் இன்னொருவர் வாங்கிய பணம் ஏறியிருப்பது தெரியவந்தது. தோண்டியதில், முதல் பெயரும் கடைசிப் பெயரும் ஒன்றாக உள்ள டாக்டர்களுக்குக் கம்பெனிகள் உரிம எண்ணையும் என்.பி.ஐ.யையும் மாற்றிப் போட்டு அனுப்பியிருந்தன. தளத்தைப் பத்து நாளுக்கு மேல் மூடி வைத்தார்கள். செப்டம்பர் 30-ல் ஒருவழியாக வெளிவந்தபோது 44 லட்சம் பதிவுகள். 2013-இன் கடைசி ஐந்து மாதங்களுக்கு மட்டும் ஏறக்குறைய 350 கோடி டாலர். அதில் சுமார் 40 விழுக்காட்டில் டாக்டரின் பெயரே இல்லை. ஆள் இன்னார் என்று உறுதியாகாததால் எடுத்துவிட்டார்கள்.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது ஒன்று. எண் இல்லாமல் இந்தக் குழப்பம் வரவில்லை, இருந்துதான் வந்தது. கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் கையில் ஒரு விருந்து பில்லும் ஒரு பெயரும் இருக்கின்றன. எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பார்? பெயரைப் போட்டுத் தேடித்தான். முதலில் வந்த ஆளின் எண்ணை எடுத்துப் போட்டுவிடுவார். அதன் பிறகு அந்தத் தப்புக்கு எண்ணின் கௌரவமும் சேர்ந்துவிடுகிறது. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கண்டுபிடிப்பாளருக்கும் இப்படி எண் உண்டா?

கிடையாது. காப்புரிமைக்குத்தான் எண், அதை வாங்கியவருக்கு இல்லை.

அமெரிக்கக் காப்புரிமை ஒன்றின் முதல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் வட்ட அடைப்புக்குள் சின்னச் சின்ன எண்கள் இருக்கும். 72 என்று இருந்தால் கண்டுபிடிப்பாளர். கொஞ்சம் பழைய ஆவணங்களில் அதே இடத்தில் 75 இருக்கும். 73 என்றால் உரிமை யாருக்குப் போயிருக்கிறதோ அவர், பெரும்பாலும் கம்பெனி அல்லது பல்கலைக்கழகம். 45 என்றால் வழங்கிய தேதி. கண்டுபிடிப்பாளர் பெயருக்குப் பக்கத்தில் ஊரும் மாநிலமும் மட்டும். டாக்டர் என்ற பட்டம் வராது, எம்.டி. வராது, வயது வராது.

அந்த ஊர் அவர் குடியிருக்கும் ஊர் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. என்.பி.ஐ. பதிவில் இருப்பதோ கிளினிக் இருக்கும் ஊர். தாம்பரத்தில் வீடு, எழும்பூரில் ஆஸ்பத்திரி என்பது மாதிரி. அதனால் ஊர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ‘இவர் அவர் இல்லை’ என்று தள்ளிவிடவும் முடியாது.

சில தளங்களில் ஒரு பெயரை அழுத்தினால் அவருடைய காப்புரிமைகள் எல்லாம் வரிசையாக வருகின்றனவே?

இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் பெயர்த் தேடல். அந்தப் பெயரில் யார் இருந்தாலும் கொட்டும். இன்னொன்று கணக்குப் போட்டுப் பிரிப்பது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் ஆதரவில் நடக்கும் பேட்டன்ட்ஸ்வியூ இந்த இரண்டாவது வகை. 1976 முதல் வழங்கப்பட்ட காப்புரிமைகளை எடுத்துக்கொண்டு, கூட்டாளிகள் யார், கம்பெனி எது, ஊர் எது, துறை எது என்று பார்த்து, ‘இவை எல்லாம் ஒருவருடையவை’ என்று நிரல் ஒன்று மூட்டை கட்டுகிறது. நல்ல முயற்சிதான். ஆனால் அது ஊகம். வேலை மாறி, ஊர் மாறி, துறையும் மாறிய ஒருவரை இரண்டு ஆளாக்கிவிடும்; ஒரே ஊரில் ஒரே துறையில் இருக்கும் இரண்டு பேரை ஒருவராக்கிவிடும்.

நிரலை மட்டும் குறை சொல்வானேன்? தொழிலுக்கு வந்த புதிதில் நானே செய்தேன். முழங்கால் மூட்டுக் கருவி ஒன்றின் காப்புரிமை. அதே ஊரில் அதே பெயரில் ஓர் எலும்பு அறுவை டாக்டர். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா என்று இருவரையும் ஒருவராக எழுதி அறிக்கை கொடுத்துவிட்டேன். அறிக்கையைப் படித்த பெரியவர் ஒருவர் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்த வருடம் உங்கள் டாக்டர் மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம், பார்த்தீர்களா?’ கண்டுபிடிப்பாளர் ஒரு கருவிக் கம்பெனியின் இன்ஜினியர். ஒரே ஊர் என்பதிலும் ஆச்சரியம் இல்லை; மூட்டுக் கருவிக் கம்பெனிகள் இருக்கும் இடத்தில் மூட்டு டாக்டர்களும் இருக்கத்தானே செய்வார்கள்.

அன்றிலிருந்து முதலில் போடுவது காலக்கோடு. பட்டம் வாங்கிய வருடம், உரிமம் வாங்கிய வருடம், விண்ணப்பத் தேதி. பாதிப் பொருத்தங்கள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

இருவரும் ஒருவரே என்று உறுதியாகச் சொல்ல எது வேண்டும்?

இரண்டு பதிவேட்டையும் ஒரே இடத்தில் கட்டிப்போடும் ஆவணம் ஒன்று வேண்டும். எனக்குக் கைகொடுப்பவை நான்கைந்துதான்.

மேலே சொன்ன ஓபன் பேமென்ட்ஸ் தளத்திலேயே ராயல்டி, உரிமக் கட்டணம் என்று தனி வகை இருக்கிறது. ஒரு டாக்டருக்கு ஒரு கம்பெனி வருடா வருடம் ராயல்டி கொடுக்கிறது, அதே கம்பெனிக்கு அதே பெயர்க்காரரின் காப்புரிமை போயிருக்கிறது என்றால் கிட்டத்தட்ட முடிந்தது. குளறுபடியில் தொடங்கிய தளம்தான். ஆனால் வருடா வருடம் திரும்ப வரும் ராயல்டி ஒரு நாள் விருந்து பில் மாதிரி இல்லை, தப்பாக இருந்தால் சம்பந்தப்பட்டவர் எப்போதோ கத்தியிருப்பார்.

ஆய்வுக் கட்டுரையின் அடியில் ‘நலன் முரண்’ என்று ஒரு பத்தி இருக்கும். ‘இக்கருவிக்கான காப்புரிமையில் எனக்குப் பங்கு உண்டு’ என்று ஆசிரியரே எழுதியிருந்தால் அதைவிட வேறென்ன சாட்சி?

யாருக்கும் தெரியாத வழி ஒன்று உண்டு. அமெரிக்க அரசின் பணத்தில் நடந்த ஆய்விலிருந்து வந்த காப்புரிமை என்றால், அதன் முதல் பத்திகளில் எந்த நிதியுதவி என்று எண்ணோடு எழுதியே ஆக வேண்டும். அந்த எண்ணைத் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதிப் பட்டியலில் போட்டால் ஆய்வுத் தலைவரின் பெயர், கல்லூரி, துறை எல்லாம் வந்துவிடும். பெயர் எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும் இந்த எண் பொய் சொல்லாது.

கூட்டாளிகளின் பெயரும் உதவும். ‘ஸ்மித்’ ஆயிரம் இருப்பார்கள். ஆனால் ஸ்மித்தோடு சேர்ந்து காப்புரிமையிலும் கட்டுரையிலும் வரும் மூன்றாவது பெயர் அபூர்வமாக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். ரேமண்ட் டமாடியன் மாதிரிப் பெயராக இருந்தால் இவ்வளவு பாடே இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன்னோடியான அவருடைய 1974-ஆம் ஆண்டுக் காப்புரிமை 3789832-ஐ எடுத்தால் டாக்டர் இவர்தானா என்ற சந்தேகமே வராது. கண்புரை லேசர் கருவிக்கு 1988-ல் காப்புரிமை வாங்கிய கண் டாக்டர் பட்ரீஷியா பாத் விஷயத்திலும் அப்படித்தான், ஏனென்றால் அவரைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். கஷ்டமெல்லாம் சாதாரணப் பெயரும் சாதாரணப் புகழும் உள்ளவர்களிடம்தான்.

அப்பாவும் மகனும் ஒரே பெயர் வைத்திருந்தால்?

நமக்குப் புரியாத விஷயமா? ‘பெயரன்’ என்பதுதான் பேரன் ஆனது. தாத்தா பெயரைத் தாங்குபவன். வெள்ளைக்காரர்கள் அதை ஒரு தலைமுறை முன்னாலேயே செய்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் ஜான் கிப்பன் அறுவைப் பேராசிரியர். அவர் மகன் ஜான் கிப்பன் அதே கல்லூரியில் படித்து, அங்கேயே அறுவை டாக்டராகி, இதய-நுரையீரல் இயந்திரத்தை உருவாக்கி, 1953 மே 6 அன்று அதை வைத்து முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவையைச் செய்தவர். ஊர், கல்லூரி, துறை, முழுப் பெயர் எல்லாம் ஒன்று. இடையில் நிற்பது ‘ஜூனியர்’ என்ற ஒரு சொல். அந்தச் சொல்லும் நிலையானதில்லை. அப்பா காலமானதும் மகன்கள் பலர் அதை விட்டுவிடுவார்கள்; தட்டச்சு செய்பவர்களும் விட்டுவிடுவார்கள். இந்த இயந்திரத்துக்கு உதவிய ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சன். அவர் மகனும் தாமஸ் வாட்சன், அவரும் ஐ.பி.எம். தலைவர். டெலிபோன் பெல்லின் உதவியாளர் தாமஸ் வாட்சன் இவர்களுக்கு உறவே இல்லை. தலை சுற்றுகிறதா?

லிஸ்டர் குடும்பம் இன்னும் மோசம். கார்பாலிக் அமிலம் ஊற்றி அறுவைக் காயங்களைச் சீழ் பிடிக்காமல் காத்தவர் ஜோசப் லிஸ்டர். அப்பா ஜோசப் ஜாக்சன் லிஸ்டர், லண்டனில் ஒயின் வியாபாரி. நுண்ணோக்கியின் வில்லைகளைச் சீர்திருத்தியவர் என்பது அவருடைய இன்னொரு முகம். மருத்துவர் மகன், கருவிக்காரர் அப்பா. அதோடு முடிந்ததா? ஜோசப்பின் தம்பி மகனுக்கும் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் என்றே பெயர்; அவர் இயற்கை ஆய்வாளர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள். நம்ம வீட்டு வழக்கம்தான்.

பழைய காலத்துப் பதிவுகளைத் தேடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பிரிட்டனில் 1858-ல் மருத்துவச் சட்டம் வந்தது. மறுவருடம் முதல் மருத்துவப் பதிவேடு அச்சானது. அதற்கு முந்தைய ‘டாக்டர்’ பட்டம் எதையும் காட்டாது. அமெரிக்காவில் 1836 டிசம்பர் 15 அன்று காப்புரிமை அலுவலகம் தீப்பிடித்து ஏறக்குறைய 10,000 காப்புரிமைகள் எரிந்துபோயின. சுமார் 2,800-ஐத்தான் மீட்க முடிந்தது. இன்றைய எண் வரிசை அந்த வருடம் ஜூலையில் ஒன்றிலிருந்து தொடங்கியது. அதனால் 1836-க்கு முந்தைய ஒருவர் பட்டியலில் இல்லை என்றால் அவர் எதுவும் கண்டுபிடிக்கவில்லை என்று ஆகாது.

ஆவணத்தில் டாக்டர் என்று இல்லையே என்றும் தயங்க வேண்டாம். ஐஸ் செய்யும் இயந்திரத்துக்கு 1851-ல் 8080 என்ற எண்ணில் காப்புரிமை வாங்கிய ஜான் கோரி, புளோரிடாவில் காய்ச்சல்காரர்களைக் குளிர்விக்க வழி தேடிய டாக்டர். மண்ணெண்ணெய்க்குக் கெரசின் என்று பெயர் வைத்து 1854-ல் காப்புரிமை வாங்கிய ஆப்ரகாம் கெஸ்னரும் லண்டனில் மருத்துவம் படித்தவரே. மறுபக்கம், ஈதர் மயக்கத்துக்கு 1846-ல் காப்புரிமை வாங்கிய வில்லியம் மார்ட்டனை ஊரே டாக்டர் என்றது. அவர் பல் டாக்டர்.

நம் ஆட்களின் பெயர்கள் ஏன் இவ்வளவு சிக்கல்?

அந்தப் பதிவேடுகள் நம் பெயரை நினைத்துச் செய்யப்படவில்லை. நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் எழுத்தும். அங்கே கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் காலியாக இருக்கக் கூடாது.

ஒரு பேச்சுக்கு எஸ். குமார் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கா போகிறார். எஸ் விரிந்து அப்பா பெயராகி அதுவே குடும்பப் பெயராகிறது. இப்போது அவர் சகாக்களுக்கு ‘டாக்டர் சுப்பிரமணியன்’, அதாவது அப்பாவின் பெயரால் அழைக்கப்படுகிறார். காப்புரிமையிலும் அப்பா பெயருக்குக் கீழே வரிசைப்படுத்தப்படுகிறார். ஊரில் எழுதிய கட்டுரைகள் குமார் என்ற பெயருக்குக் கீழே. கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தவர்களுக்கு இன்னும் வேடிக்கை: விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அடித்துவிடுவார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். அதையே பெயர் என்று நினைத்துப் பதிந்துவிடும் அலுவலகங்களும் உண்டு.

போதாக்குறைக்கு எழுத்துக்கூட்டல். ழகரத்தை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுவோம், தகரத்துக்கு ஹெச் சேர்ப்போம், சேர்க்காமல் விடுவோம். எண்கணிதம் பார்த்துக் கூடுதலாக ஓர் எழுத்தை நுழைப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் தமிழ் டாக்டர் ஒருவரைத் தேடும்போது பெயரையும் அப்பா பெயரையும் இடம் மாற்றி, இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். நான் முதலில் ஒரு தாளில் எல்லா வடிவத்தையும் எழுதிக்கொண்டுதான் உட்காருவேன்.

பிரிட்டனில் இருப்பவர் என்றால் பொது மருத்துவக் கவுன்சிலின் ஏழிலக்க எண் இருக்கும். அந்தப் பதிவேட்டில் முதல் பட்டம், வாங்கிய வருடம், கொடுத்த பல்கலைக்கழகம் ஆகியவை தெரியும். 1988-க்குப் பிறகு தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகள் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்துவிட்டதால், மதுரையில் படித்த குமாரும் தஞ்சாவூரில் படித்த குமாரும் அங்கே ஒரே மாதிரி தெரிவார்கள்.

இந்தியப் பதிவேடுகள் எப்படி?

பெயர்க் குழப்பத்தைப் பொறுத்தவரை, நம்ப மாட்டீர்கள், ஒரு விஷயத்தில் நம்முடையது மேல். இந்திய மருத்துவப் பதிவேட்டில் டாக்டரின் அப்பா பெயரும் சேர்ந்து வரும். எஸ். குமார்கள் ஐம்பது பேர் இருந்தாலும் அதில் பலர் அங்கேயே பிரிந்துவிடுவார்கள்.

சிக்கல் பதிவு எண்ணில். ஒவ்வொரு மாநிலக் கவுன்சிலும் தனித்தனியாக எண் கொடுக்கிறது. சென்னையில் இருக்கும் எண் கேரளாவிலும் இன்னொருவருக்கு இருக்கும். எண்ணோடு மாநிலத்தையும் வருடத்தையும் சேர்த்தால்தான் ஆள். மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் பணம் வாங்கிய ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி. ரப்பர் ஸ்டாம்பின் கடைசி வரியில் மங்கலாக இருக்கும். கேட்டால் சொல்லுவார்கள், கேட்பதில் தப்பும் இல்லை.

இந்தியக் காப்புரிமை விண்ணப்பங்களில் கண்டுபிடிப்பாளரின் முகவரி வரும். அமெரிக்க ஆவணத்தைவிட இது உபயோகம். வீட்டு முகவரியாக இருந்தால் பார்த்துச் சரிபார்ப்பதோடு நிறுத்துங்கள். உங்கள் கட்டுரையில் தூக்கிப் போடாதீர்கள். இன்னொன்று, சிகிச்சை முறைக்கு இந்தியாவில் காப்புரிமை கிடையாது. நம் டாக்டர் ஒருவர் பெயரில் ‘அறுவை முறை’ என்று காப்புரிமை கண்ணில் பட்டால் அது அமெரிக்காவில் வாங்கியதாக இருக்கும்.

கட்டுரைகளைப் பப்மெட்டில் தேடினால் போதுமா?

பப்மெட் என்பது மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையப் பட்டியல். அதில் 2002-க்கு முந்தைய கட்டுரைகளில் ஆசிரியரின் குடும்பப் பெயரும் தலைப்பெழுத்தும்தான் இருக்கும். அங்கே எஸ். குமார் என்பவர் ஒரு கடல். ஆய்வாளர்களுக்கென 2012-ல் வந்த ஆர்கிட் என்ற பதினாறு இலக்க எண் இருந்தால் நல்லது. ஆனால் அது அவரவராக விரும்பி வாங்குவது.

நானே டாக்டர். என் பெயர்க்காரர் செய்ததெல்லாம் என் தலையில் விழுகிறது. என்ன செய்யலாம்?

பெயரை எங்கும் ஒரே வடிவத்தில் எழுதுங்கள். கட்டுரையில் ஒரு விதம், காப்புரிமையில் ஒரு விதம் வேண்டாம். ஆர்கிட் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இருந்தால் முகவரி மாறிய 30 நாளுக்குள் என்.பி.ஐ. பதிவைத் திருத்த வேண்டும். ஓபன் பேமென்ட்ஸ் கணக்கைப் பார்த்து ஆட்சேபிக்க வருடத்துக்கு 45 நாள் தருகிறார்கள், அதைத் தவற விடாதீர்கள். காப்புரிமையில் பெயர் தப்பாக அச்சாகியிருந்தால் திருத்தச் சான்றிதழ் கேட்கலாம். தேடல் தளங்கள் செய்யும் தப்புக்கு மின்னஞ்சல் எழுதிப் போராடுவதுதான் வழி. பொறுமை வேண்டும்.

எல்லாம் தேடியும் ஒருவரா இருவரா என்று தெரியவில்லை என்றால்?

இருவர் என்றே வைத்துக்கொள்வேன். தப்பாகப் பிரித்தவர்களைப் பிறகு சேர்ப்பது சுலபம், ஒரு வரி போதும். தப்பாகச் சேர்த்தவர்களைப் பிரிக்கப் போனால், அதற்குள் அந்தச் சேர்க்கையை நாலு பேர் எடுத்து எழுதியிருப்பார்கள். அந்த நாலையும் பார்த்து ஐந்தாவது ஆள் உங்களிடமே ஆதாரம் காட்டுவார். என் கோப்பில் ‘ஒருவேளை அதே ஆள்’ என்று தலைப்பிட்ட தாள் ஒன்று எப்போதும் இருக்கும். இப்போது அதில் பதினேழு ஜோடிகள். போன மாதம் ஒரு ஜோடி, பழைய மாநாட்டு அழைப்பிதழ் ஒன்றில் இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த படத்தால் பிரிந்தது.